பலாச்சுளை மஞ்சளில் ஒரு பிக்கப்

வண்டி என்றால் என்ன என்று கேட்டால் சிலர் அதன் முகத்தைச் சொல்வார்கள், சிலர் நிறத்தை, வாலிபர்கள் ஹாரனை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற என்னைக் கேட்டால், வண்டி என்பது ஓர் எண். சேஸிஸ் என்று வண்டிக்கு அடியில் ஓடும் இரண்டு நீள இரும்புகளில் வலப்புறத்து இரும்பின் மேல் அது குத்தப்பட்டிருக்கும். சேஸிஸ்தான் ஆள். மேலே உட்கார்ந்திருக்கும் பாடி அந்த ஆள் போட்டிருக்கும் சட்டை. சட்டையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முன் அனுமதி வாங்க வேண்டும், மாற்றிய பின் ஆய்வுக்குக் காட்ட வேண்டும், பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும், அதுவரை வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது.

இந்தத் தத்துவத்தைப் பணியில் இருந்த காலம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் பணிவாகக் கேட்டுக்கொண்டு, வேறு ஜன்னலுக்குப் போனார்கள். வீட்டில் இதை யாரும் கேட்டதில்லை.

என் மனைவி கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள். ஓய்வு பெற்ற அன்று ரோஜா மாலையும் சால்வையுமாக வீடு வந்து சேர்ந்தவளிடம், காசிக்குப் போய் வரலாமா என்று கேட்டேன். ஓய்வு பெற்றவர்களிடம் கேட்பதற்கென்றே உள்ள கேள்வி அது.

"காசிக்கு நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ஒரு பிக்கப் வேணும்."

"என்ன பிக்கப்?"

"முன்னாடி மூக்கு நீட்டிக்கிட்டு, பின்னாடி தொட்டி வெச்சு, ரெண்டு பக்கமும் உருண்டையா மட்கார்டு இருக்குமே, அந்தக் காலத்து வண்டி. நான் ஓட்டணும்."

"அதுல இஞ்சின் எப்பவோ செத்துப் போயிருக்கும். பிரேக் புடிக்காது. ஊரெல்லாம் புகைய வுடும்."

"அப்ப இஞ்சினும் பிரேக்கும் புதுசா இருக்கட்டும், மூஞ்சி மட்டும் பழசா இருக்கட்டும். எல்லாத்துக்கும் ஒரு ரூல் இருக்குதும்பீங்களே, இதுக்கும் ஒண்ணு இருக்கும்ல, தேடுங்க."

அதற்கு முன்பே அவள் ஓட்டுநர் உரிமம் வாங்கியிருந்தாள். தேர்வு நடந்த அன்று, என்னைப் பார்த்து யாராவது தயவு காட்டிவிடப் போகிறார்கள் என்று வீட்டிலேயே உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள். முதல் முறையிலேயே தேறினாள். என் பேரைச் சொல்லாததால்தான் தேறினேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

சிதம்பரத்தில் படித்த காலத்தில் அவளும் இன்னும் நான்கு பேரும் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். இப்போது ஐவரும் பாட்டிகள், ஐவருக்கும் ஒரு வாட்ஸப் குழு. காலையில் என் காபி ஆறுவது அந்தக் குழுவினால்தான். பிக்கப் செய்தியை அவள் அதில் போட்டதும், நால்வரில் ஒருவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், உடனே குரல் செய்தி அனுப்பினார். சமையலறை வரை கேட்டது.

"ஏண்டி, டவுன் பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா இருந்தா ஏற மாட்டேன்னு அழுவியே, நீயா லாரி ஓட்டப் போற? கனவுலயா?"

என் மனைவி பதில் செய்தி பேசினாள். "அடுத்த சந்திப்புக்கு நானே ஓட்டிக்கிட்டு சிதம்பரம் கீழ வீதிக்கு வரேன். உங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு நாலு தேர் வீதியும் சுத்துறேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா இந்த குரூப்புல இருந்து நானே வெளிய போயிடறேன்."

எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சபதத்தை யாரும் எடுத்ததில்லை. அந்தக் குழு இல்லாமல் அவளால் ஒரு நாளைத் தொடங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும் என்பதுதான் விஷயத்தின் தீவிரம்.

தேடும் வேலையை மச்சானிடம் கொடுத்தோம். மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். கல்யாணச் சீர்வரிசைக்கு ஊர் ஊராகப் பாத்திரம் கொண்டுபோய்க் கொடுப்பதால் அவனுக்குத் தெரியாத தோப்பும் கொல்லையும் இந்த மாவட்டத்தில் இல்லை. ஒரு நாள் திருவதிகைப் பக்கமிருந்து கூப்பிட்டான்.

"மாமா, அக்கா கேட்ட வண்டி கெடச்சிடுச்சு. ஆனா உள்ள ஆள் குடியிருக்குது."

போய்ப் பார்த்தோம். ஒரு பலாத் தோப்பின் மூலையில், சக்கரம் இல்லாமல், செங்கல் அடுக்கின் மேல் அது உட்கார்ந்திருந்தது. நீண்ட மூக்கு, நடுவில் கம்பி வைத்துப் பிரித்த இரண்டு துண்டு முன்கண்ணாடி, கன்னம் உப்பினாற்போல மட்கார்டுகள். இஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பப்பாளிச் செடி. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி உட்கார்ந்து எங்களை முறைத்தது.

"அவயத்துல இருக்குதுங்க," என்றார் தோப்புக்காரர். "குஞ்சு பொரிச்சு எறங்குனதும் எடுத்துக்கங்க. இப்ப கலைச்சா பாவம்."

"வேற எடத்துல வெக்கக் கூடாதுங்களா?" என்றான் மச்சான்.

"உன்ன வெச்சா நீ ஒக்காருவியா?"

குடியிருப்பவரைக் காலி செய்வதற்கு உரிய அவகாசம் தர வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். என் மனைவி அந்த இடைவெளியை வீணாக்கவில்லை. கதவைத் திறந்து, கோழிக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, வாயாலேயே ஹாரன் அடித்தாள். கோழி அசையவில்லை. அவளும் இறங்கவில்லை. கைநிறைய பலாச்சுளையைக் கொடுத்துத்தான் இறக்கினோம். ஒரு சுளையைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பெயின்ட்டு இந்தக் கலர்தான்."

சட்டை கிடைத்துவிட்டது. ஆள் வேண்டுமே. காட்டுமன்னார்கோயிலில் ஓர் அரிசி மில் வாசலில் நின்றிருந்த ஒரு புதிய பிக்கப்பின் மேல் புளியமரம் சாய்ந்து, கேபினும் தொட்டியும் அப்பளமாகியிருந்தன. அடியில் சேஸிஸுக்கும் இஞ்சினுக்கும் ஒரு கீறல் இல்லை. காகிதங்கள் சுத்தம். உரிமையாளர் உயிரோடு இருந்தார், கையெழுத்தும் ஒரே மாதிரி போட்டார். என் அனுபவத்தில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

முன் அனுமதிக்கு விண்ணப்பிக்க என் பழைய அலுவலகத்துக்கே போனேன். என் பழைய ஜன்னலில் இருந்தவர் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னொரு ஜெராக்ஸ் வேணும் சார்," என்றார்.

"எதுக்கு?"

"தெரியலைங்க சார். ரொம்ப வருசமா வாங்குறோம்."

அந்த இன்னொரு நகலை ஏற்படுத்தியவன் நான்தான். எதற்கென்று எனக்கும் நினைவில்லை. வெளியே போய் எடுத்து வந்தேன்.

அனுமதி வந்தது. கோழியும் ஒன்பது குஞ்சுகளோடு இறங்கியது. கடலூர் முதுநகரில், சிதம்பரம் சாலையில், பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இரண்டு வண்டிகளையும் கொண்டுபோய்ப் போட்டோம். பட்டறைக்காரருக்கு டேப் வைத்து அளப்பது கௌரவக் குறைச்சல். "என் கண்ணு தான் சார் டேப்பு," என்பார். ஒற்றைக் கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி, இரண்டு வண்டியையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. அப்டியே பொருந்தும்," என்றார்.

பழைய பாடிக்குத் துரு நீக்கி, ஓட்டை அடைத்து, இருக்கை தைத்து, பழைய முகத்துக்குள் புது விளக்கும் புது பெல்ட்டும் வைத்து முடித்தார்கள். அதைச் சேஸிஸ் மேல் ஏற்றும் நாளுக்கு மச்சான் சிதம்பரத்திலிருந்து கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டான். செயின் பிளாக்கில் கேபின் தரையை விட்டு எழும்பியபோது பட்டறையில் இருந்த எல்லோரும் காரணமில்லாமல் சிரித்தோம். சக்கரமும் இஞ்சினும் இல்லாத ஒரு வண்டி அந்தரத்தில் மெதுவாகச் சுற்றி ஒவ்வொருவர் முகத்தையும் நின்று நின்று பார்க்கிறது. சிரிக்காமல் என்ன செய்வது?

"மாமா, ஹெலிகாப்டருக்கு எந்த ஆபீஸ்ல ஆர்.சி. வாங்கணும்?" என்றான் மச்சான்.

கேபின் இறங்கி உட்கார்ந்தது. முன்சக்கரம் மட்கார்டுக்குள் சரியாக வந்தது. பின்தொட்டியை இறக்கினார்கள். பின்சக்கரம் வளைவுக்குள் வரவில்லை. ஒரு சாண் பின்னால் தள்ளி நின்றது. அண்ணனை விடத் தம்பி ஒரு சாண் நீளம்.

பட்டறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவறு கண் மேல் என்பதைப் போல.

"ஒண்ணும் ஆவல சார். சேஸிஸ ஒரு சாண் வெட்டி எடுத்துட்டு ஒட்டிட்டா கச்சிதமா ஒக்காந்துடும்."

நான் அவருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போய் நின்றேன். சேஸிஸில் ரம்பம் வைப்பது என் அகராதியில் கொலைக்கு அடுத்தது. என்ன பிரிவு, என்ன விதி, என்ன விளைவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையில் வேலை நின்றது. என் மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"சரி, வெட்டக் கூடாது. அப்ப என்னா செய்யலாம், அதச் சொல்லுங்க."

அங்கேதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. தொட்டியை மட்டும் ஒரு சாண் பின்னால் நகர்த்தி பின்சக்கரத்துக்கு நேராக வைத்துவிட வேண்டும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் விழும் இடைவெளியை இரு பக்கமும் தகடு வைத்து, கீழே சேஸிஸ் தெரியாதபடி மூடிவிட வேண்டும். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. பட்டறைக்காரர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "சார், நீங்க ஆபீஸ்ல ஒக்காந்து வீணா போயிட்டீங்க," என்றார். ஓய்வூதிய உத்தரவில்கூட என்னை யாரும் அவ்வளவு பாராட்டவில்லை.

அன்றே இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். சேஸிஸுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கப் போனார்கள். எண் மேல் பெயின்ட் பட்டால் எழுத்து மங்கிவிடும். நானே குனிந்து, கேபினுக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கத்து இரும்பின் வெளிமுகத்தில் இருந்த எண்ணைத் துணியால் துடைத்து, அதன் மேல் பெயின்ட்டர் ஒட்டும் காகித டேப்பை அழகாக ஒட்டினேன். மூலைகளை நகத்தால் நீவியும் விட்டேன்.

பிறகு தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். பட்டி பார்த்தார்கள். தேய்த்தார்கள். இணைப்பு எங்கே இருக்கிறது என்று கைவைத்துத் தடவினாலும் தெரியாது. மேலே பலாச்சுளை மஞ்சள். விண்ணப்பத்தில் அந்த நிறத்துக்கு இடம் இல்லாததால் வெறும் மஞ்சள் என்று எழுதினேன். என் மனைவிக்கு அதில் மனக்குறைதான்.

தோழிகளின் சந்திப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுக்கு எங்களுக்குக் கிடைத்தது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் ஆய்வு கிடையாது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம், பதிவுச் சான்றில் ஏற்றும் வரை ஓட்டக் கூடாது என்பதால். பட்டறைக்காரர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். மச்சான் தன் காரில் பின்தொடர்ந்து வந்தான். மைதானத்தில் நின்ற மற்ற வண்டிக்காரர்கள் தங்கள் வண்டிகளை விட்டுவிட்டு எங்கள் வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வாளர், எங்கள் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள், இளம் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர். ஆனால் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் என்பது அவர் புன்னகையில் தெரிந்தது. விளக்கு, பிரேக், ஸ்டீயரிங், கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரி. கையில் பென்சிலும் ஒட்டும் தாளும் எடுத்தார்.

"சேஸிஸ் நம்பர் எங்க சார் இருக்குது? தேச்சு எடுத்துக்கறேன்."

"இங்கதான்மா," என்று சொல்லிக் குனிந்தேன்.

அங்கே மஞ்சள் தகடு இருந்தது. மிக வழவழப்பான தகடு. இணைப்பே தெரியாத தகடு. என் முகம் அதில் நன்றாகத் தெரிந்தது.

நிமிராமலே இருந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. வேலைக்காலம் முழுவதும் நான் முதலில் பார்த்தது அந்த எண்ணைத்தான், மற்றவர்கள் முகத்தைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன். அதை டேப் போட்டுப் பாதுகாத்து, தகடு வைத்துப் புதைத்து, பட்டி பூசிச் சமாதியும் கட்டிவிட்டேன்.

முதலில் சிரித்தது மச்சான். "மாமா, ஆளயே காணோம், சட்டை மட்டும்தான் நிக்குது!"

"நம்பர் உள்ள பத்திரமா இருக்குது மேடம்," என்றார் பட்டறைக்காரர். "டேப்பு கூட சார்தான் ஒட்டுனாரு. நான் பாத்தேன்."

மச்சானின் செல்பேசியைக் கீழிருந்து தகட்டுக்குள் நீட்டிப் படம் எடுத்தோம். டேப்பின் படம் தெளிவாக வந்தது. டேப்பை உரிக்கக் கை நுழையவில்லை. என் மனைவியின் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி, டேப்பைக் குச்சியால் நெம்பிவிட்டு அதில் பார்த்தால் போதாதா என்ற கேள்வியை என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஜன்னலுக்கு வெளியே நிற்பவன் குரலில், கேட்டேன்.

ஆய்வாளர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "சார், உங்க காலத்துல நீங்க கண்ணாடியில பாத்து கையெழுத்து போட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"நானும் மாட்டேன் சார். மத்த வண்டியெல்லாம் பாத்துட்டு வரேன். நான் முடிக்கிறதுக்குள்ள நம்பரக் காட்டுங்க. இல்லன்னா திங்கக்கெழம வந்துடுங்க."

திங்கட்கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவியின் சிரிப்பு நின்றது. அதுவரை அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தவள்தான்.

"அதெல்லாம் வாணாம். இன்னைக்கே," என்றாள்.

"தகட்ட மொத்தமா பேத்துடலாமா மேடம்?" என்றார் பட்டறைக்காரர். கேட்கும்போதே அதைக் கையால் தடவிக்கொடுத்தார். அது அவருடைய மிகச் சிறந்த தகடு.

"எதுக்கு முழுசா பேக்கணும்? லேப்ல அடுப்புக்குள்ள என்னா நடக்குதுன்னு பாக்க அடுப்பயா ஒடைப்போம்? ஒரு வட்டம் அறுத்து ஜன்னல் வெய்யிங்க. ஜன்னலுக்கு ஒரு மூடி போடுங்க."

"மூடிக்கு எங்கக்கா போறது?" என்று கேட்ட மச்சான், கேட்ட வேகத்திலேயே தன் காரை நோக்கி ஓடினான். அவன் கார் பின்பெட்டியில் எப்போதும் கடைச் சாமான் உருளும். வெற்றிலை போட்டு வைக்கும் சின்னப் பித்தளைச் சம்படம் ஒன்றோடு திரும்பி வந்தான். உள்ளங்கை அகல மூடி.

"சீர்வரிசை அயிட்டம் மாமா. பளபளன்னு இருக்கும்."

மூடி கிடைத்துவிட்டது. வட்டத்தை அறுக்க இடம் தெரிய வேண்டுமே. எண் தகட்டுக்குப் பின்னால் சரியாக எங்கே இருக்கிறது? பட்டறைக்காரர் ஒற்றைக் கண்ணை மூடினார். அதற்கு முன் என் மனைவி அவர் கையில் இருந்த சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க கண்ணால ஏற்கெனவே ஒரு சாண் போயிடுச்சு."

பிறகு அவள் செய்ததை அந்த மைதானம் மறக்காது. மச்சானின் காரிலிருந்து கோரைப்பாயை எடுத்து விரிக்கச் சொன்னாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியை வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். எங்கள் கைகள் நுழையாத இடுக்கில் அவள் கை நுழைந்தது.

"டேப்பு தட்டுப்படுது," என்ற குரல் மட்டும் வந்தது. "மூலையெல்லாம் நீவி ஒட்டியிருக்கீங்க, ரொம்ப நல்லா இருக்குது. கேட்டுக்கங்க, தட்டுறேன்."

தகட்டுக்குப் பின்னால் அவள் மோதிரம் டக் டக் என்றது. நான், மச்சான், பட்டறைக்காரர் மூவரும் தகட்டில் காதை வைத்துக்கொண்டோம். மூன்று பேர் ஒரு மஞ்சள் வண்டியின் வயிற்றில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர், "எத்தன மாசம் சார்?" என்று கேட்டார்.

"மேல... இன்னும் மேல... தோ, இங்க!"

சத்தம் வந்த இடத்தைச் சுற்றிச் சம்பட மூடியை வைத்து வட்டம் போட்டோம். ஆய்வு மைதானத்துக்கு வெளியே கிடைக்காத பொருள் உலகத்தில் இல்லை. ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர்க் கடைக்கும் நடுவில் ஒரு டிங்கரிங் கடை இருந்தது. அங்கிருந்து வட்டமாக அறுக்கும் கருவி வந்தது, ஒரு சின்னக் கீலும் வந்தது. என் மனைவி வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகே அறுக்க விட்டேன். அதற்கு விதி எதுவும் கிடையாது. நானே போட்டேன்.

மஞ்சள் தூள் பறந்தது. பட்டறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டே அறுத்தார், பெண்ணுக்குக் காது குத்துகிற தகப்பனைப் போல. வட்டம் கழன்று விழுந்தது. உள்ளே, நட்ட நடுவில், என் டேப்.

கீல் வைத்து மூடியைப் பொருத்துவதற்கும் ஆய்வாளர் கடைசி வண்டியை முடித்துவிட்டு வருவதற்கும் சரியாக இருந்தது. அவர் மூடியைப் பார்த்தார். விரலால் திறந்தார். டேப்பின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். அது ஒரே துண்டாக வந்தது. உள்ளே எண் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்தது போலச் சுத்தமாக இருந்தது. பென்சிலால் தேய்த்து எடுத்த தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இவ்ளோ தெளிவா ஒரு நம்பர நான் எடுத்ததே இல்ல."

"டேப்பு," என்றேன் அடக்கமாக.

"ஆனா வெத்தலப் பொட்டியில நம்பர் வெச்சிருக்கறத இப்பதான் பாக்குறேன்."

மூடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார். நீட்டவில்லை. இருக்கை எத்தனை என்று கேட்டார். தோழிகளை ஏற்றிக்கொண்டு சுற்றப் போகும் வண்டி என்பதால் என் மனைவி, "பின்னாடி தொட்டியில நாலு பேரு..." என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கிட்டேன். தொட்டியில் சரக்குதான் ஏற்றலாம், ஆள் ஏற்றக் கூடாது. கேபினில் ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேர், அவ்வளவுதான்.

"சார் சொல்றது கரெக்ட்டு," என்றார் ஆய்வாளர். மூன்று என்று பதிந்தார், அன்று மாலையே பதிவுச் சான்றிலும் ஏறிவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கந்தக அமில வாசனை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடலூரிலிருந்து புறப்பட்டோம். முழுத் தொட்டி டீசல் இல்லாமல் நான் எந்த வண்டியையும் ஊர் தாண்ட விட்டதில்லை, நிரப்பச் சொன்னேன். அவள் ஓட்டினாள். ஆலப்பாக்கம் தாண்டும் வரை ஸ்டீயரிங்கை நீட்டிய இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடியின் வலத்துண்டு வழியாக மட்டும் உலகத்தைப் பார்த்தாள். இடத்துண்டு உலகம் என் பொறுப்பு. எதிரே வந்த பேருந்து ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துக் கையாட்டினார்கள். முதல் கையாட்டலுக்கு அவள் முறைத்தாள். இரண்டாவதற்குச் சிரித்தாள். மூன்றாவதிலிருந்து அவளே முதலில் அடிக்கத் தொடங்கினாள்.

சுங்கச்சாவடியில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். "ஆன்ட்டி, இது என்னா வண்டி? பழசா புதுசா?"

"என்ன மாதிரிதான்பா," என்றாள். "மேல பழசு, இஞ்சின் புதுசு."

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது காற்று பக்கவாட்டில் தள்ளியது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள், காரணமில்லாமல், செயின் பிளாக்கில் கேபின் தொங்கிய அன்று எல்லோரும் சிரித்தோமே, அதைப் போல. எனக்கும் தொற்றிக்கொண்டது. அறுபதைத் தாண்டிய இருவர் ஒரு கோழிக்கூண்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சிதம்பரத்துக்குள் நுழைந்தோம்.

கீழ வீதியில் நான்கு தோழிகளும் மச்சானும் நின்றிருந்தார்கள். வண்டி திரும்பியதுமே மூவர் கை தட்டினார்கள். வங்கி மேலாளர் தட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். என் மனைவி அவர் பக்கத்தில் கொண்டுவந்து, உரசாமல், ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினாள்.

"வந்துட்டேன். குரூப்புல இருக்கவா, போவவா?"

"மொதல்ல கதவத் தெறடி. ஏறணும்."

நால்வரும் ஒரே நேரத்தில் கதவைப் பிடித்தார்கள். என் மனைவி என் பக்கம் திரும்பினாள். அந்தக் குரலை நான் வெள்ளிக்கிழமையிலிருந்தே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"ஏங்க, ஆர்.சி.யில எத்தன பேரு போட்டிருக்குது?"

"மூணு."

"டிரைவரோட சேத்தா?"

"சேத்துதான்."

"எறங்குங்க."

இறங்கினேன். இரண்டு பேர் ஏறினார்கள். கீழ வீதியிலிருந்து தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று வலமாகச் சுற்றி வண்டி திரும்பி வந்தது. தேர் நிலைக்கு வருவதைப் போல மெதுவாக, இரு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி நின்று பார்க்க வந்தது. இறங்கியவர்கள் முகத்தில் கல்லூரிக்குப் போன நாளின் களை. அடுத்த இருவர் ஏறினார்கள். அந்த இரண்டாவது சுற்றில் ஜன்னலோரம் வங்கி மேலாளர், முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு. அந்தச் சுற்று முடிந்ததும் என் முறை என்று நடைபாதை ஓரத்தில் தயாராக நின்றேன்.

வண்டி வந்தது. நின்றது. ஒருவர் இறங்கினார். வங்கி மேலாளர் இறங்கவில்லை.

"ஒரே ஒரு ரவுண்டுதான் சார்," என்றார் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு. "நான் சரியாவே பாக்கல."

முதல் சுற்றில் போனவர்களில் ஒருவர் மறுபடி ஏறிக்கொண்டார். கணக்கு மூன்று. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஹாரன் இரண்டு முறை அடித்தது. பக்கத்துத் தகட்டில் பித்தளை மூடி வெயிலில் ஒரு முறை மின்னி, தெற்கு வீதிக்குள் திரும்பி மறைந்தது.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். கையில் மூடியில்லாத சம்படம்.

"மாமா, அக்கா இப்போதைக்கு நிறுத்த மாட்டா போலருக்குதே. டீசல் எவ்ளோ போட்டீங்க?"

"ஃபுல் டேங்க்," என்றேன்.

அவன் எத்தனை சுற்று வரும் என்று விரல்விட்டு எண்ணினான். பிறகு என் தோளைத் தட்டி, எதிர்க்கடைக்காரரிடம் இரண்டு காபி சொன்னான்.